வீழப் பழகுதல்

நீந்தக் கற்க விரும்புவோன் முழங்காலளவு நீரில் தொடங்கலாம். குதிரையேற்றம் பயில்வோன் சாதுவான ஒரு மட்டக்குதிரையின்மேல் அமர்ந்து, பக்கத்தில் ஒருவர் கடிவாளம் பிடித்துவர, மைதானத்தைச் சுற்றி வரலாம். மரமேறும் சிறுவனும் தாழ்ந்த கிளையிலிருந்தே தொடங்குகின்றான். இவ்வாறு அபாயமுள்ள கலைகள் பலவற்றிற்கும் ஆழமில்லாத ஒரு துறை உண்டு. அங்கே தவறினாலும் உயிர் தப்பும். ஆனால் ஆகாய விமானத்தினின்று குதித்து, பாராசூட்டை உடனே விரியாமல், ஒரு நிமிஷ நேரம் வெறும் உடம்பாய்க் காற்றினூடே வீழ்ந்து செல்லும் கலைக்கு அத்தகைய துறை நெடுங்காலம் இல்லாதிருந்தது. வானத்தில் ஆழமற்ற இடம் ஏது? பத்தடி உயரத்தினின்று குதித்தால் ஒன்றும் பயிலுமுன் தரை வந்துவிடும். நாலாயிரம் மீட்டர் உயரத்தினின்று குதித்தாலோ, முதல் நாளே முழு ஆழத்தில் இறங்கியாயிற்று.

இக்குறையைத் தீர்க்க வந்ததே காற்றுச் சுரங்கம் என்னும் யந்திர சாலை. நிமிர்ந்து நிற்கும் ஒரு பெருங்குழாயினுள் கீழிருந்து மேலாகக் கடுங்காற்றைச் செலுத்தி, அக்காற்றின்மேல் மனிதனைக் குப்புறப் படுக்கவைத்து மிதக்கச் செய்கின்றனர். அவன் எங்கும் வீழ்வதில்லை. ஆயினும் வீழ்வோனுடைய உடம்பு செய்யவேண்டியவற்றையெல்லாம் அவனுடம்பு செய்கின்றது. மேனாடுகளில் இப்போது பலர் முதலில் இங்கே பழகிப் பின்னரே விமானம் ஏறுகின்றனர். இங்ஙனம் பழகியவன் வானத்திற்கும் பழகியவன் ஆவானோ? எவ்வளவிற்கு ஆவான்? எவ்விடத்தில் ஆகான்? உயிரைப் பற்றிய வினாவாதலின் இதனைச் சிறிது நின்று ஆராய்தல் தகும். யான் விமானத்தினின்று குதித்தவனல்லேன், சுரங்கத்தில் மிதந்தவனுமல்லேன், கற்றறிந்தவற்றையே எழுதுகின்றேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் நேர்மை.

இக்கதையின் பெரும்பகுதி வியக்கத்தக்கவாறு ஓர் ஊரைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஓஹையோ மாகாணத்து டேட்டன் என்பது அவ்வூர். ஆகாய விமானத்தை ஆக்கிய ரைட் சகோதரர் அவ்வூரிற் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். தாங்கள் செய்த இறக்கைகள் எண்ணியவாறு தூக்காமை கண்டு, 1901-ஆம் ஆண்டில் அவர்கள் ஆறடி நீளமும் பதினாறு அங்குலச் சதுரமுமுள்ள மரப்பெட்டி ஒன்று செய்து, அதன் ஒரு முனையில் விசிறியமைத்து, உள்ளே சிறு சிறு இறக்கை மாதிரிகளை நிறுத்திக் காற்று அவற்றை எவ்வளவு தூக்குகின்றதென அளந்தனர். இத்தகைய கருவியை முதன்முதல் அமைத்தவர் அவர்களல்லர். 1871-இலேயே இங்கிலாந்தில் பிரான்சிஸ் வெனம் என்பார் ஒன்று அமைத்திருந்தார். பறக்கும் பொருள் நிற்க, காற்றே ஓடுக என்பது அப்பெட்டியின் தத்துவம். நாம் ஆராயப் புகுந்த சுரங்கத்தின் தத்துவமும் அதுவே. கிடந்த பெட்டி நிமிர்ந்து நிற்கின்றது, அவ்வளவே.

அதே ஊரில் மக்குக் என்னும் விமான மைதானத்தில் 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் லெஸ்லி இர்வின் என்னும் 23 வயது இளைஞர் விமானமொன்றில் ஏறினார். பாராசூட்டு அந்நாளில் புதிய பொருளன்று. 1797-ஆம் ஆண்டிலேயே கார்னரின் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரில் பலூன் ஏறிச்சென்று அதன் துணையால் இறங்கிக் காட்டினார். ஆயினும் இர்வின் காலம்வரை விமானிகள் அறிந்த குடைகள், விமானத்தோடு பிணித்த கயிற்றால் இழுபட்டுத் தாமே விரிவன. விமானத்தை விட்டு முற்றும் நீங்கி, வேண்டுமளவு வீழ்ந்து, பின் தன் கையாலேயே கயிற்றை இழுத்து விரிப்பது ஆகாத காரியம் என்று பலரும் கருதினர். காரணம் யாதெனின், தடையின்றி வீழ்வோன் சில விநாடிகளில் மூச்சுத் திணறி அறிவிழப்பான், கயிற்றை இழுக்கக் கை எழாது என்பது அவர்கள் நம்பிக்கை. இர்வின் ஏறக்குறைய 450 மீட்டர் உயரத்தில் குதித்தார், தாமே கயிற்றை இழுத்தார், குடை விரிந்தது. தரை சேர்கையில் அவரது கணுக்கால் முறிந்தது. ஆனால் மூச்சு நிற்கவில்லை, அறிவும் அகலவில்லை. மனிதன் தெளிந்த அறிவோடு வீழக்கூடும் என்பது அன்று நிலைபெற்றது.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 1964-இல், அதே டேட்டன் அருகிலுள்ள ரைட்–பாட்டர்சன் விமானப்படைத் தளத்தில் மற்றொன்று நிகழ்ந்தது. அங்கே பொருள்களைச் சோதித்தற்கென நிமிர்ந்த காற்றுச் சுரங்கம் ஒன்று இருந்தது. ஜாக் டிஃபனி என்பார் அச்சுரங்கத்தின் காற்றிலே தாமே ஏறி மிதந்தார். காற்றுச் சுரங்கத்தில் பறந்த முதல் மனிதர் அவர் என்பர். பின்னர் கானடா தேசத்து ழான் சென்ழெர்மேன் என்பவர் 1970-களின் இறுதியில், பொதுமக்கள் கட்டணம் கொடுத்து மிதக்கத்தக்க சுரங்கம் ஒன்றை அமைத்தார். இன்று உலகமெங்கும் பல நகரங்களில் அத்தகையன உள்ளன.

பெயரைப்பற்றி ஒரு சொல். சுரங்கம் என்பது நிலத்தினடியிற் கிடந்து செல்லும் வழியைக் குறிப்பது. நிமிர்ந்து நின்று கீழிருந்து மேலே காற்றூறும் இதற்குக் காற்றுக் கிணறு என்ற பெயரே சாலப் பொருந்தும் என்பது என் கருத்து. வழக்கு வேறாகிவிட்டமையின் நானும் சுரங்கம் என்றே எழுதுகின்றேன். இக்கலையோர் தாம் செய்வதை வீழ்தல் என்று சொல்ல விரும்பாது பறத்தல் என்றே சொல்லுகின்றனர் என்பதும் நோக்கத்தக்கது. தமிழ் பயில்வோர்க்கு அச்சொல்லால் வருத்தமில்லை. வீழ்தல் என்பதற்கு விரும்புதல் என்ற பொருளும் நம் பழைய நூல்களில் உண்டன்றோ? குதித்தவர்கள் மீண்டும் மீண்டும் குதிப்பதைக் காணுங்கால் இரு பொருளும் ஒருங்கே பொருந்துவதாகத் தோன்றுகின்றது.

நிற்க. வானத்தினின்று வீழ்வோனைப்பற்றி நம்மிற் பலர் கொண்டுள்ள பிழையான எண்ணம், அவன் தரை சேருமளவும் மேன்மேலும் வேகங்கூடிச் செல்வான் என்பது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த சூத்திரம் காற்றற்ற வெளிக்கே உரியது. காற்றிருக்குமிடத்தில் வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்மடங்காகின்றது. வேகம் மும்மடங்கானால் தடை ஒன்பது மடங்கு. ஆகவே, குதித்தவன் ஏறக்குறைய 12 விநாடிகளில், 450 மீட்டர் அளவு வீழ்ந்ததும், தடை அவன் எடைக்குச் சமமாகிவிடுகின்றது. அதன்பின் வேகம் கூடுவதில்லை. இதனை முற்றுவேகம் என்பர். கைகால்களை விரித்துக் குப்புற வீழ்வோனுக்கு இது மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர். தலைகீழாய் நேரே பாய்வோனுக்கு 250 கிலோமீட்டருக்கு மேலும் செல்லும், என்னை? காற்றை எதிர்க்கும் பரப்புக் குறைந்தமையால்.

முற்றுவேகம் அடைந்தவன் எடையற்றவனல்லன் என்பதை நன்கு மனங்கொள்ள வேண்டும். தரையில் நிற்பவனை நிலம் தாங்குவதுபோல அவனைக் காற்றுத் தாங்குகின்றது. வயிற்றைப் பிசையும் உணர்ச்சி வேகம் மாறும்போதுதான் எழும். மாறாத வேகத்தில் அது இல்லை. எனவே அவன் காற்றாகிய பாயின்மேல் படுத்திருக்கிறான் என்றே சொல்லலாம். ஓடும் ஆற்றில் நங்கூரமிட்ட படகை எண்ணுக. அதன் பக்கத்தே நீர் விரைந்து செல்கின்றது. அமைதியான ஏரியில் அதே வேகத்தோடு செலுத்தப்படும் படகின் பக்கத்தேயும் நீர் அவ்வாறே செல்கின்றது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீரில் விட்டவனுக்கு இரண்டிற்கும் வேற்றுமை தோன்றாது. அவ்வாறே மனிதன் 190 கிலோமீட்டர் வேகத்தில் காற்றினூடே வீழ்தலும், நின்ற மனிதன்மேல் காற்று அவ்வேகத்தில் எழுதலும் உடம்பளவில் ஒன்றே. சுரங்கம் காட்டுவது வானத்தின் போலியன்று. முற்றுவேகம் அடைந்தபின் உள்ள வானத்தின் ஒரு துண்டையே வெட்டிக் கண்ணாடிக் கூண்டில் வைத்ததுபோன்றது.

அதன் அமைப்பைச் சுருங்கச் சொல்வோம். பல நூறு குதிரை விசையுள்ள மின்சார யந்திரங்களாற் சுழலும் பெரிய விசிறிகள் பெரும்பாலும் மேலே இருக்கும். அவை காற்றைக் கீழிருந்து உறிஞ்சி இழுக்கின்றன. அகன்ற ஆறு பாறையிடுக்கிற் புகும்போது விரைவதுபோல, அகன்ற குழாய் குறுகுமிடத்தில் காற்று விரைகின்றது. அக்குறுகிய இடமே மிதக்கும் அறை. அறையின் குறுக்களவு ஏறக்குறைய 4 மீட்டர், சுவர் கண்ணாடி, அடியில் எஃகுக் கம்பி வலை. மேலே சென்ற காற்று பக்கக் குழாய்களின் வழியே சுற்றி மீண்டும் கீழே வருகின்றது. ஓயாது சுழலுங் காற்றுச் சூடேறுமாதலின் அதைக் குளிர்விக்கவும் ஏற்பாடுண்டு. அறைக்கு வெளியே ஒருவர் அமர்ந்து, மிதப்போனுடைய எடையையும் ஆற்றலையும் நோக்கி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வருகின்றார். மெலிந்த சிறுவனுக்குப் போதுமான காற்று பருத்த மனிதனை வலையினின்று எழுப்பாது.

இனி, அங்கே கற்பது யாது? முதற்பாடம் வளைதல். இடுப்பை முன்தள்ளி, தலையை நிமிர்த்தி, கைகால்களைச் சிறிது மேலும் பின்னும் விட்டுக் கிடத்தல். இறகுப்பந்தை எவ்வாறு எறிந்தாலும் அதன் கனத்த தலை முன்னும் இறகுகள் பின்னுமாகத் திரும்பிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். வளைந்த உடம்புக்கும் அதுவே நியாயம்: இடுப்புத் தாழ்ந்து முன்செல்ல, கைகால்கள் இறகுகளாகின்றன. புதியவன் அச்சத்தால் உடம்பை மரக்கட்டைபோல் விறைத்துக்கொள்வான். அல்லது குழந்தைபோல் சுருண்டுகொள்வான். இரண்டாலும் அவன் உருண்டுபோவான். யந்திரங்களின் பேரொலியில் பேச்சுக் கேளாதாகையால் ஆசிரியர் கைச்சாடைகளாலேயே கற்பிக்கின்றார்: ஒரு சாடை 'காலை நீட்டு' என்பது, மற்றொன்று 'மோவாயை உயர்த்து' என்பது, பிறிதொன்று 'தளர்ந்திரு' என்பது. யாவற்றிலும் கடினமானது தளர்ந்திருத்தலே என்று கேள்வி. பின்னர்க் காலைச் சிறிது நீட்டினால் முன்செல்லலாம், கைகளை முன்னே நீட்டிக் காலை மடித்தால் பின்செல்லலாம், ஒரு தோளைச் சிறிது தாழ்த்தினால் திரும்பலாம் என்று ஒன்றொன்றாய் அறிகின்றான்.

இவற்றில் சுரங்கம் வானத்தினும் சிறந்த ஆசிரியன் என்று துணிந்து கூறலாம். அதற்குக் காரணம் அதன் குறுகிய சுவரே. வானத்தில் வீழ்வோன் ஒரு காலை மற்றதினும் சிறிது அதிகமாக நீட்டியிருந்தால் ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே செல்வான். பக்கத்தில் ஒப்பிட்டு நோக்க யாதொன்றும் இன்மையின் தான் நழுவுவதை அறியான். தான் நேரே வீழ்வதாகவும் தோழர்களே விலகிச் செல்வதாகவும் எண்ணுவான். சுரங்கத்திலோ இரண்டு விநாடியில் சுவர் அவன் தோளைத் தட்டிச் சொல்லிவிடும். காலக்கணக்கும் நோக்கத்தக்கது. நாலாயிரம் மீட்டரிற் குதிப்போன் ஏறக்குறைய 1500 மீட்டரில் குடையை விரிப்பானாயின், அவனுக்குக் கிடைக்கும் பயிற்சி ஒரு நிமிஷத்திலுங் குறைவு. அதன் முன்னும் பின்னும் குடை மடித்தல், விமானத்திற்குக் காத்திருத்தல், ஏறுதல், இறங்கி நடத்தல் என்று ஒரு பகலில் பெரும்பகுதி கழியும். மேகம் கூடினால் அன்று ஒன்றுமில்லை. சுரங்கத்தில் பத்து நிமிஷம் மிதந்தவன் பத்துக்கு மேற்பட்ட குதிப்புகளின் பயிற்சியை மழையோ மேகமோ தடுக்காமல் பெற்றுவிடுகிறான்.

அற்றேல் வானத்திற்கு வைத்த பாடம் யாது என்பீர்களேல், முதலாவது விமானத்தை விட்டு நீங்குதல். விமானம் மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் அளவில் முன்னோக்கி ஓடுகின்றமையின் குதித்தவனுக்குக் காற்று முதலில் முன்னிருந்து அடிக்கின்றது; அவன் வளைந்து வீழ வீழச் சிறிது சிறிதாகக் கீழிருந்து வருகின்றது. குன்றின் சரிவில் இறங்குவது போன்ற அந்தப் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் வேகமும் திசையும் ஓயாது மாறுகின்றன. சுரங்கம் சரிவு முடிந்த சமநிலத்தையே காட்டவல்லது. பலூனினின்று குதிப்போனுக்கு இன்னும் கடினம்; அதற்கு முன்னோட்டமின்மையின் முதல் விநாடிகளில் கைகால்களை அசைத்தும் பயனில்லை. பிடித்துக்கொள்ளக் காற்றின் வேகமில்லை. இவற்றோடு, முதுகிலே இரு குடைகள் மடித்து வைத்த பையின் கனமும் உண்டு. சுரங்கத்தில் மிதப்போன் அதைச் சுமப்பதில்லை.

காற்றின் திண்மையும் வேறுபடும். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றிலிரு பங்கு திண்மையே உடையது; அங்கே முற்றுவேகம் கீழுள்ளதினும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மிகும்; குளிரும் தரையினும் 25 டிகிரி அளவு மிகுதி. இது சிறு வேற்றுமையே, பயின்றவன் பொறுத்துக்கொள்வான். ஆனால் இவ்வேற்றுமையை அதன் எல்லைவரை கொண்டுசென்று கண்டவர் இருவர் உளர்.

ஒருவர் ஜோசப் கிட்டிங்கர், அமெரிக்க விமானப்படையினர். டேட்டன் தளத்து ஆராய்ச்சிச் சாலையைச் சார்ந்தே இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவர். 1959-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் பலூனில் ஏறி, 23,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தினின்று குதித்தார். உடம்பை நிலைநிறுத்தற்கென அமைந்த சிறு முன்குடை காலத்திற்கு முன்பே வெளிப்பட்டு, அதன் கயிறு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிஷத்திற்கு 120 சுற்று என்னும் வேகத்திற் சுழன்று அறிவிழந்தார். தானே விரியுமாறு அமைத்திருந்த காப்புக்குடை விரிந்தமையால் பிழைத்தார். ஒரு மாதத்திற்குள் மீண்டும் குதித்தார். 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் 31,300 மீட்டர் உயரத்தினின்றும் குதித்தார். அவரது துணிவை வியப்பதா, அஞ்சுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மற்றவர் ஆஸ்திரிய தேசத்துப் பெலிக்ஸ் பௌம்கார்ட்னர். 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் அதே நியூ மெக்ஸிகோவில் 38,969 மீட்டர் உயரத்தினின்று குதித்து, மணிக்கு 1,357 கிலோமீட்டர் வேகத்தில், ஒலியையும் முந்தி வீழ்ந்தார். பூமியிலிருந்து வானொலி வழியாக அவருக்கு வழிகாட்டிய குரல் 84 வயதான கிட்டிங்கருடையது. பௌம்கார்ட்னர் ஆயிரக்கணக்கான முறை குதித்துத் தேர்ந்தவர். இம்முயற்சிக்கென அணிந்த காற்றடைத்த கனத்த உடையோடு காற்றுச் சுரங்கத்திலும் பழகியவர். அவ்வுடையில் எவ்வாறு அசைவது, எவ்வாறு நிலைநிற்பது என்பதையெல்லாம் சுரங்கம் கற்பித்தது. ஆனால் அவர் குதித்த இடத்துக் காற்று கடல்மட்டத்துக் காற்றில் நூற்றிலொரு பங்கும் இல்லாதது. அத்தகைய காற்றை எந்தச் சுரங்கமும் அவருக்கு ஊதிக் காட்டியதில்லை. வீழத்தொடங்கிச் சிறிது நேரத்தில் அவருடம்பு பம்பரம்போற் சுழன்றது. கையை நீட்டினால் சுழற்சி நிற்கும் என்பது அவரறிந்த பாடம். ஆனால் கைக்கு எதிரே நின்று தடுக்கக் காற்றில்லை. உலகமெங்கும் மக்கள் அதனை நேரே பார்த்துக்கொண்டிருந்தனர். கீழே வரவரக் காற்றுத் திண்மையுற்றது, பழகிய கைகால்கள் பழகிய காற்றைப் பற்றின, சுழற்சி நின்றது. கற்ற கல்வி பொய்க்கவில்லை. அது பயன்படும் இடம் வரும்வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. கிட்டிங்கர் 2022-இல் முதிர்ந்த வயதில் காலமானார். பௌம்கார்ட்னர் 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இத்தாலியில் பாராகிளைடரில் பறக்கையில் உயிரிழந்தார்.

இவை அரிய நிகழ்ச்சிகள். அன்றாடம் குதிப்போரிடம் வருவோம். பலர் கூடிக் குதித்து வானத்தில் கைகோத்து வட்டமிடுவதைப் படங்களிற் கண்டிருக்கலாம். அவ்வட்டம் அமைத்தலைச் சுரங்கம் மிக நன்றாகக் கற்பிக்கும். ஆனால் குடை விரிக்குமுன் அவர்கள் ஒருவரையொருவர் நீங்கி, முதுகு காட்டித் திரும்பி, உடம்பை அம்புபோல் நீட்டி, பக்கவாட்டில் வெகுதூரம் சறுக்கிச் செல்லவேண்டும். இல்லையேல் ஒருவர் குடையில் மற்றவர் சிக்குவர். நாலு மீட்டர் அறையில் இதனைப் பழகுவது எங்ஙனம்? இரண்டடி செல்லுமுன் கண்ணாடி முட்டும். எனவே ஒன்றுகூடுதலைச் சுரங்கத்திலும், பிரிதலை வானத்திலும் கற்க நேர்கின்றது.

இவையெல்லாவற்றினும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. சுரங்கத்தில் உயரம் இல்லை. அங்கே தவறு செய்தவன் மீண்டும் செய்யலாம். உருண்டவன் மீண்டும் வளையலாம். மணி முடியுமளவும் காலம் அவனுடையது. வானத்திலோ ஒவ்வொரு விநாடியும் ஐம்பது மீட்டருக்கு மேல், மூன்று பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் நிறுத்திய அளவு, உயரம் கழிந்துகொண்டேயிருக்கின்றது. ஆயிரத்தைந்நூறு மீட்டரில் குடை விரிக்கவேண்டியவன் அதை மறந்தால் தரை சேர 28 விநாடிகளே உள்ளன. மேலேயுள்ளபோது பூமி அருகில் வருவதாகவே கண்ணுக்குத் தோன்றாது. படம்போல் அசையாது கிடக்கும். அது விரிந்து எழுவதாகத் தோன்றும்போது காலம் கடந்திருக்கும். ஆதலால்தான் குதிப்போர் மணிக்கட்டில் உயரமானி அணிந்து அதை அடிக்கடி நோக்குகின்றனர்.

ஈண்டு ஓர் எதிர்பாராத இடர் உளது. சுரங்கத்திற் பலமணி நேரம் பழகியவன் உடம்பை ஆளும் திறத்தில் முதல் நாளே தேர்ந்தவன்போற் காண்பான். அச்சம் குறைந்திருக்கும். ஆசிரியரும் மகிழ்வார். ஆனால் உயரத்தை நோக்கும் வழக்கம் அவனுக்கு வந்திராது. சுரங்கத்தில் அதற்குத் தேவையே எழவில்லையன்றோ? தேர்ச்சி குறைந்தவன் அச்சத்தினாலேனும் உயரமானியைப் பார்ப்பான்; தேர்ந்தவன் தன் தேர்ச்சியின் இன்பத்தில் மறந்திருத்தல் கூடும். இதனையறிந்த ஆசிரியர்கள், சுரங்கத்தில் மிதக்கும்போதே மாணவனை இடையிடையே தன் மணிக்கட்டை நோக்குமாறும், வலக்கையால் இடுப்பின் பின்னுள்ள கைப்பிடியைத் தொடுவதுபோல் தொட்டு, இடக்கையைத் தலைக்குமேல் நீட்டிச் சமநிலை காக்குமாறும் பழக்குகின்றனர். கையில் உயரமானி இல்லை, முதுகிற் குடையுமில்லை. ஆயினும் நோக்குகின்றான், தொடுகின்றான். வெளியே நின்று பார்ப்போர்க்கு நகைப்பாயிருக்கலாம். எனக்கோ, சுரங்கப் பயிற்சியில் மிகச் சிறந்த பகுதி அதுவே என்று தோன்றுகின்றது.

அவ்வாறும் மறப்போர்க்கென ஒரு கருவி உண்டு. 1991-இல் ஜெர்மனியில் ஹெல்முட் குளோத் என்பார் ஆக்கிய 'சைப்ரஸ்' என்னும் அது, குடைப்பையினுள்ளேயே அமர்ந்து காற்றழுத்தத்தால் உயரத்தையும் வேகத்தையும் ஓயாது கணக்கிடுகின்றது. தரைக்கு ஏறக்குறைய 225 மீட்டர் உயரத்திலும் ஒருவன் குடை விரியாமல் கடுவேகத்தில் வீழ்வானாயின், சிறு வெடியாற் செலுத்தப்படும் கத்தி காப்புக்குடையின் கட்டை அறுத்துவிடுகின்றது. தரை சேர நான்கு விநாடியே உள்ள இடம் அது. அறிவிழந்தவர், மறந்தவர், மோதுண்டவர் எனப் பலர் இத்தகைய கருவிகளாற் பிழைத்துள்ளனர்.

இக்கட்டுரைக்காக யான் படித்துக்கொண்டிருந்தபோது விடுதி நண்பர் ஒருவர், "இது தேவாலயத்து உப்பரிகையினின்று தாழக் குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுடைய சொல்லைக் கேட்பதாகுமே" என்றார். யான் சிறிது நேரம் விடை கூறவில்லை. காப்புக்குடையும், உயரமானியும், மறந்தாற் காக்கும் கருவியும், சுரங்கத்தில் வெறும் மணிக்கட்டை நூறுமுறை நோக்கிய பழக்கமும் உடையவன், தூதர் ஏந்துவர் என்று குதிப்பவனல்லன் என்றே இப்போது எண்ணுகின்றேன். ஆனால் இவையின்றிப் புகழ் விரும்பிக் குதிப்போரைப்பற்றி அவர் கூறியது சரியே.

சுரங்கம் இப்போது தனிக் கலையாகவும் வளர்ந்துவிட்டது. 2015-இல் பிராக் நகரில் சுரங்கப் பறத்தலுக்கென்றே உலகப் போட்டி நடந்தது. சிங்கப்பூர்ச் சிறுமி கைரா போ எட்டு வயதிற் பழகத் தொடங்கி, 2017-இல், 14 வயதில், ஸ்பெயின் தேசத்தில் நடந்த போட்டியில் முதற்பரிசுகள் பெற்றார். பெரும்பாலான தேசங்களில் தனித்து வானத்தினின்று குதிக்க அவ்வயது போதாது. காற்றில் உடம்பை ஆள்வதில் உலகில் முதன்மை பெற்ற ஒருவர், தனித்து வீழ உரிமை பெறாதவராயிருந்தார் என்பது சுரங்கத்திற்கும் வானத்திற்கும் இடையேயுள்ள எல்லையை நன்கு காட்டும். நம் நாட்டிலும் இராணுவத்தினர் இமாசலப் பிரதேசத்துப் பக்லோ என்னுமிடத்தில் உள்ள சிறப்புப்படைப் பயிற்சிப் பள்ளியில் 2023-ஆம் ஆண்டு நவம்பரில் நிமிர்ந்த காற்றுச் சுரங்கம் ஒன்றைத் திறந்துள்ளனர். இரவிலும் சுமையோடும் குதிக்கவேண்டிய படைவீரனுக்கு உடம்பைப்பற்றிய கவலை முன்னரே நீங்கியிருத்தல் பெரும் உதவி. அவன் கவனம் முழுவதும் உயரத்தின்மேலும் தோழர்மேலும் இருக்கலாம்.

எஞ்சியது தரையிறங்குதல். குடை நன்கு விரிந்த பின்னரும், அதைச் செலுத்தி இறங்குவதிற் செய்யும் பிழையால் விபத்துகள் பல நேர்கின்றன. அதற்குச் சுரங்கத்தில் யாதொரு பாடமும் இல்லை. அங்கே காற்றைக் குறைத்தால் மிதந்தவன் வலையின்மேல் மெல்ல வந்து நிற்பான், அவ்வளவே. 1919-இல் இர்வினும் வீழ்ந்தது நன்றாகவே வீழ்ந்தார். கணுக்கால் முறிந்தது தரையில்தான். இன்றும் முதன்முறை குதிக்கப்போகும் மாணவரை விமானத்தில் ஏற்றுமுன் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமுள்ள மேடையின்மேல் நிறுத்தி, கால்களைச் சேர்த்துக் குதித்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்ற முறையில் நிலத்தில் உருளுமாறு பலமுறை பழக்குகின்றனர்.